ஈராக்கின் முதல் அரசர் ஃபைசல் வெறும் பொம்மை ராஜாவா?

கேள்வி இதுதான்: "மக்காவில் பிறந்த ஃபைசல் சிரியாவுக்கும் ராஜா, ஈராக்குக்கும் ராஜா என்று படித்தேன். ஒரே ஆள் எப்படி இரண்டு நாட்டுக்கு ராஜாவானார்? பிரிட்டிஷ்காரர்கள் உட்கார வைத்த பொம்மைதானே அவர்? 1958-ல் பாக்தாத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதும் இவர்தானா?"

கடைசிக் கேள்விக்கு இல்லை என்பது பதில். அதைக் கடைசியில் சொல்கிறேன். "பொம்மைதானே" என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்கார வைத்தது பிரிட்டிஷ்காரர்கள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உட்கார்ந்த பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்று பார்க்காமல் பொம்மை என்று சொல்லிவிட்டால், பாதிக் கதையோடு புத்தகத்தை மூடியதாகிவிடும்.

ஃபைசல் பிறந்தது 1885-ல். அப்பா ஹுசைன் பின் அலி, நபிகளின் வம்சம் என்று சொல்லப்படும் ஹாஷிமி குடும்பத்தவர். அந்தக் குடும்ப வழக்கப்படி கைக்குழந்தையாக இருக்கும்போதே பெதூயின் என்ற பாலைவன நாடோடிகளிடம் வளரக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு திருப்பம். மக்காவில் ஹுசைன் இருப்பது தனக்கு நல்லதல்ல என்று நினைத்த துருக்கியின் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, குடும்பத்தோடு அவரை இஸ்தான்புல்லுக்கு வரவழைத்துக்கொண்டார். பெயருக்கு விருந்தாளி, உள்ளபடி வீட்டுக்காவல். போஸ்பரஸ் கரையோர வீட்டில்தான் ஃபைசலின் சிறுவயது கழிந்தது. துருக்கி மொழி நன்றாக வந்தது. ஆட்சியாளர்கள் எப்படிச் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிப் போடுவார்கள் என்பதும் அங்கேதான் பழக்கமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். 1908-ல் ஹுசைன் மக்காவின் அமீராக நியமிக்கப்பட்டார், குடும்பம் ஊர் திரும்பியது. 1913-ல் ஃபைசல் ஜித்தாவின் பிரதிநிதியாக உஸ்மானிய நாடாளுமன்றத்துக்குப் போனார். அதாவது, பின்னாளில் துருக்கியருக்கு எதிராகப் படை நடத்தியவர் முதலில் துருக்கியரின் எம்.பி.

முதல் உலகப் போர் வந்ததும் அப்பா துருக்கியர், பிரிட்டிஷ்காரர்கள் என்று இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்தார். இரண்டாவது மகன் அப்துல்லா பிரிட்டிஷ்காரர்கள் பக்கம் சாய்ந்தார். மூன்றாமவரான ஃபைசலுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை. சிரியாவின்மேல் பிரான்சுக்கு ஆசை இருக்கிறது, துருக்கியரை விட்டால் அடுத்து அவர்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான் என்று ஐந்தே ஆண்டில் தெரிந்துபோனது.

1915-ல் டமாஸ்கஸ் வழியாகப் போனபோது, அல்-ஃபதாத், அல்-அஹ்த் என்ற ரகசிய அரபுச் சங்கங்கள் அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டன. எந்தெந்த எல்லைக்குள் அரபு நாடு வேண்டும் என்று எழுதி அவரிடம் கொடுத்தன. ஆனாலும் அவர் மனத்தை முழுசாக மாற்றியது சிரியாவின் துருக்கிய ஆளுநர் ஜெமால் பாஷாதான். அரபு தேசியம் பேசியவர்களைப் பிடித்து வழக்கு நடத்தினார் ஜெமால். ஃபைசல் அப்போது டமாஸ்கஸில், கிட்டத்தட்ட அவருடைய பிணைக்கைதி மாதிரி இருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். 1916 மே 6 அன்று டமாஸ்கஸிலும் பெய்ரூத்திலும் 21 பேரைத் தூக்கில் போட்டார்கள். செய்தி வந்தபோது ஃபைசல் நகருக்கு வெளியே பக்ரி குடும்பத்தாரின் வீட்டில் இருந்தார். தலைத்துணியைக் கழற்றித் தரையில் எறிந்து மிதித்து, "அரபுகளே, இனி மரணமும் இனிக்கும்" என்று கத்தினார் என்பார்கள். அதற்குப் பிறகும் ஜெமாலிடம் முகம் மாறாமல் பேசி, படை திரட்டி வருகிறேன் என்று சொல்லி மக்கா இருக்கும் ஹிஜாஸ் பகுதிக்குத் தப்பி வந்தார். ஜூன் மாதம் துருக்கியருக்கு எதிராக அரபுக் கிளர்ச்சி தொடங்கியது.

இந்தக் கிளர்ச்சியைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது டி.ஈ. லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒட்டகத்தில் போனது மட்டுமே. அவர் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்த பழங்குடிகளை மாதக்கணக்கில் ஒரே கூடாரத்தில் உட்கார வைத்துப் பேசி, ரத்தப் பகைகளைத் தீர்த்துவைத்து, பிரிட்டிஷ் தங்கக் காசைப் பங்கிட்டு, வடக்கு நோக்கி நகர்த்தியது ஃபைசல். உஸ்மானியப் படையில் பயிற்சி பெற்ற ஜாஃபர் அல்-அஸ்கரி, நூரி அல்-சயீத் போன்ற பாக்தாத்காரர்கள் அவருடைய அதிகாரிகள். மதீனாவைக் கடைசி வரை பிடிக்க முடியவில்லை, போர் முடிந்து 1919 ஜனவரியில்தான் அங்கிருந்த துருக்கியத் தளபதி சரணடைந்தார். ஆனால் 1917 ஜூலையில் அகபா விழுந்தது. 1918 அக்டோபரில் டமாஸ்கஸ்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். அக்டோபர் 3 அன்று ஃபைசல் டமாஸ்கஸ் வந்து சேர்கிறார். நகரமே கொண்டாடுகிறது. அன்றைக்கே விக்டோரியா ஹோட்டலில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஆலன்பியைச் சந்திக்கிறார். சிரியாவுக்குப் பிரான்சுதான் பாதுகாவலர், நீங்கள் உங்கள் தந்தையின் பிரதிநிதியாக உள்நாட்டு நிர்வாகத்தை மட்டும் பாருங்கள், லெபனானும் பாலஸ்தீனமும் உங்களுக்கு இல்லை என்று ஆலன்பி சொல்கிறார். வெற்றி ஊர்வலத்தின் தூசு அடங்கும் முன் இது. பிரிட்டனும் பிரான்சும் 1916-லேயே ரகசியமாக வரைபடத்தில் கோடு போட்டிருந்தன. ரஷ்யப் புரட்சியாளர்கள் 1917-ல் அதை அம்பலப்படுத்தியதால் ஊருக்கே தெரியும். ஆனாலும் ரத்தம் சிந்திய பிறகு அந்தக் கோட்டை அழித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

அடுத்த இருபத்திரண்டு மாதங்கள் ஃபைசல் ஓடிய ஓட்டம் பரிதாபமானது. 1919 பிப்ரவரி 6 அன்று பாரிஸ் சமாதான மாநாட்டில் அரபுகளுக்காகப் பேசினார். அதற்கு முன் ஜனவரியில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கேட்ட சியோனியத் தலைவர் வைஸ்மனோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். இன்றுவரை அவரைத் திட்டுகிறவர்கள் முதலில் எடுப்பது இந்தக் காகிதத்தைத்தான். ஆனால் அதன் அடியில் தன் கையாலேயே அரபியில் ஒரு நிபந்தனை எழுதினார்: நாங்கள் கேட்ட சுதந்திரம் கிடைத்தால்தான் இது செல்லும், கொஞ்சம் மாறினாலும் நான் இதற்குக் கட்டுப்பட்டவன் அல்ல. சுதந்திரம் கிடைக்கவில்லை, காகிதமும் செல்லாமல் போனது. புத்திசாலித்தனமான நிபந்தனைதான். இருந்தாலும் பாலஸ்தீன மக்களைக் கேட்காமல் அப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்திட அவருக்கு என்ன உரிமை என்ற கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

1919 கடைசியில் பிரிட்டிஷ் படை சிரியாவை விட்டுக் கிளம்பியது. தனியே விடப்பட்ட ஃபைசல் பாரிஸ் போய், பிரெஞ்சுப் பிரதமர் கிளெமன்சோவுடன் ஒரு சமரசம் பேசி வந்தார். பிரெஞ்சு ஆலோசகர்கள் இருப்பார்கள், சிரியாவுக்கு உள்சுதந்திரம் இருக்கும். அன்றைய நிலையில் மோசமான பேரம் இல்லை. ஆனால் டமாஸ்கஸ் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்றது. கூட்டத்தை எதிர்த்து நிற்கும் பலம் அவரிடம் இல்லை. சமரசத்தை மூட்டை கட்டிவிட்டு, கூட்டத்தின் முன்னால் நடந்தார். 1920 மார்ச் 8 அன்று சிரியக் காங்கிரஸ் என்ற பிரதிநிதிகள் சபை முழுச் சுதந்திரம் அறிவித்து அவரை அரசராக்கியது. ஏப்ரலில் சான் ரெமோவில் வல்லரசுகள் கூடி சிரியாவைப் பிரான்சின் கையில் கொடுத்தன. ஜூலை 14 அன்று பிரெஞ்சு ஜெனரல் கூரோ இறுதி எச்சரிக்கை அனுப்பினார்: ஆணையாட்சியை, அதாவது வல்லரசுகள் கொடுத்த பொறுப்பில் பிரான்ஸ் மேற்பார்த்து ஆள்வதை, ஏற்றுக்கொள், படையைக் கலை.

ஃபைசல் ஏற்றுக்கொண்டார். படையைக் கலைக்கவும் தொடங்கினார். டமாஸ்கஸ் தெருக்களில் கலவரம் வெடித்தது. பிரெஞ்சுப் படையோ பதில் சரியான நேரத்துக்கு வரவில்லை என்று சொல்லி நகர்ந்துகொண்டே இருந்தது. போர் அமைச்சர் யூசுஃப் அல்-அஸ்மா மட்டும், தோற்போம் என்று தெரிந்தே, மிச்சமிருந்த சிப்பாய்களையும் தன்னார்வலர்களையும் கூட்டிக்கொண்டு மைசலூன் கணவாய்க்குப் போனார். ஜூலை 24 அன்று சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அஸ்மா களத்திலேயே இறந்தார். எதிரே வந்த பிரெஞ்சுப் படையில் மொராக்கோ, அல்ஜீரியா, செனகல் நாட்டு வீரர்கள் ஏராளம். இன்று சிரியாவில் அஸ்மாவுக்குச் சிலை இருக்கிறது. ஃபைசல் அந்த வாரம் செய்ததை யாரும் சிலையாக வைக்க மாட்டார்கள்.

நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். ரயிலில் தெராவுக்கு, அங்கிருந்து ஹைஃபாவுக்கு. பிறகு எகிப்து எல்லையில் கந்தாரா ரயில் நிலையம். எகிப்து அரசு அவரை அரசராக அங்கீகரிக்கவில்லை, அதனால் வரவேற்கவும் ஆள் இல்லை. தன் பெட்டிகளின்மேலேயே உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார். நாலு மாதம் ராஜாவாக இருந்தவர், வயது 35.

அதே சமயம் கிழக்கே ஈராக் எரிந்துகொண்டிருந்தது. பிரிட்டனின் ஆணையாட்சிக்கு எதிராக 1920 ஜூனில் யூப்ரட்டீஸ் நதிக்கரைப் பழங்குடிகள் கிளம்பினார்கள். ஷியா மதகுருக்களும் சுன்னி நகரவாசிகளும் ஒரே பள்ளிவாசலில் கூடினார்கள். அடக்குவதற்குப் பிரிட்டன் விமானத்தையும் இந்தியச் சிப்பாய்களையும் கொண்டுவந்தது. ஈராக்கியர் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பிரிட்டனுக்குச் செலவு கோடிக்கணக்கான பவுண்டு. லண்டன் பத்திரிகைகள் இதெல்லாம் எதற்கு என்று கேட்க ஆரம்பித்தன. குறைந்த செலவில் நாட்டைப் பிடித்துவைக்க ஒரு வழி வேண்டும். 1921 மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சர் சர்ச்சில் கெய்ரோவில் ஒரு மாநாடு கூட்டினார். லாரன்ஸும் பாக்தாத்தில் வேலை பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி கெர்ட்ரூட் பெல்லும் அங்கே இருந்தார்கள். வேலையில்லாமல் ஒரு ராஜா கையில் இருக்கிறார், ராஜா இல்லாமல் ஒரு நாடு இருக்கிறது. முடிச்சுப் போட்டுவிட்டார்கள். முதலில் ஈராக்குக்கு அடிபட்ட பெயர் அண்ணன் அப்துல்லாவுடையது. அவருக்கு ஜோர்டான் நதிக்குக் கிழக்கே இருந்த நிலம் கிடைத்தது.

இதில் நம் பக்கத்துக் கடலைத் தொடும் சின்னக் கதை ஒன்று உண்டு. பாஸ்ராவின் செல்வாக்கான மனிதர் சையித் தாலிப். ஈராக்கை ஈராக்கியர் ஆளட்டும், வெளியூர் ராஜா வேண்டாம் என்றார். ஒரு விருந்தில் கொஞ்சம் மிரட்டலாகவும் பேசிவிட்டார். 1921 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் பெர்சி காக்ஸின் வீட்டுக்குத் தேநீருக்குப் போனவரை, வெளியே வரும் வழியில் கைது செய்து இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அராபி பாஷாவை அனுப்பியதும் அங்கேதான். வேண்டாத அரபுத் தலைவர்களைக் கொண்டுபோய் விட பிரிட்டனுக்கு இலங்கை வசதியான இடம்.

ஜூன் 23 அன்று ஃபைசல் பாஸ்ராவில் கப்பல் இறங்கினார். அதற்கு முன் அவர் ஆளப்போகும் நாட்டில் கால் வைத்ததில்லை. பொதுவாக்கெடுப்பு ஒன்று நடத்தி 96 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை உங்களுக்கே விடுகிறேன். கிர்க்கூக் வேண்டாம் என்றது, குர்துகளின் சுலைமானியா கலந்துகொள்ளவே இல்லை. ஆகஸ்டு 23 காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன், முடிசூட்டு விழா. நாட்டுக்குச் சொந்தமாக ஒரு கீதம் கிடையாது, பேண்டு வாத்தியக்காரர்கள் பிரிட்டிஷ் மன்னரின் கீதத்தை வாசித்தார்கள். ஆனால் தேதியைக் கவனியுங்கள்: அன்று துல்ஹஜ் 18, ஷியாக்களின் கதீர் திருநாள். சுன்னியான ராஜா, ஷியாக்கள் அதிகமுள்ள நாட்டில், வேண்டுமென்றே அந்த நாளில் அரியணை ஏறினார்.

பொம்மையா என்ற கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சிரியாவில் அவர் கற்றது இரண்டு விஷயம். வெறும் கையோடு வல்லரசை எதிர்த்தால் நாடே போய்விடும். வல்லரசு சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால் மக்கள் போய்விடுவார்கள். இரண்டுக்கும் நடுவே அவர் பிடித்த வழிக்கு அரபியில் "குத் வ தாலிப்" என்பார்கள். கிடைத்ததை வாங்கிக்கொள், மிச்சத்தைக் கேட்டுக்கொண்டே இரு.

1922-ல் பிரிட்டன் ஓர் ஒப்பந்தம் நீட்டியது. பெயர் ஒப்பந்தம், உள்ளே அதே ஆணையாட்சி. 20 ஆண்டுகள். ஃபைசல் இழுத்தடித்தார், எதிர்ப்பாளர்களுக்கு மறைமுகமாகத் தைரியமும் கொடுத்தார். முடிசூட்டின் முதல் ஆண்டு விழாவில் வாழ்த்துச் சொல்ல வந்த காக்ஸை, அரண்மனை முற்றத்திலேயே கூட்டம் கோஷம் போட்டு அவமானப்படுத்தியது. அடுத்த ஓரிரு நாளில் அரசருக்குக் குடல்வால் அழற்சி. எதிர்க்கட்சித் தலைவர்களைக் கைது செய்ய உத்தரவு கேட்டு, அறுவைக்குத் தயாராக இருந்தவரிடம் காக்ஸ் வந்து நின்றார். ஃபைசல் கையெழுத்திடவில்லை. அமைச்சரவையும் ராஜினாமா செய்திருந்தது. ஆக நாட்டில் ராஜா மயக்கத்தில், மந்திரிகள் இல்லை. காக்ஸே ஆட்சியைக் கையில் எடுத்து, தலைவர்களைப் பிடித்து ஒரு வளைகுடாத் தீவுக்கு அனுப்பினார். குணமாகி எழுந்த ஃபைசல் காக்ஸுக்கு நன்றி சொல்லி, அக்டோபரில் ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொண்டார். வலி நிஜம், அறுவையும் நிஜம். ஆனால் அரசியலில் இவ்வளவு சரியான நேரத்துக்கு யாருக்கும் வயிறு வலித்ததில்லை.

தோற்ற மாதிரி தெரிகிறதா? அந்த 20 ஆண்டு அடுத்த வசந்தத்திலேயே நாலு ஆண்டாகச் சுருங்கியது. வடக்கே இருக்கும் மோசூல் துருக்கிக்கா ஈராக்குக்கா என்ற வழக்கில், 1925 டிசம்பரில் சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முன்னோடி) ஈராக்குக்குக் கொடுத்தது. கூடவே பிரிட்டனின் பிடி 25 ஆண்டு வரை நீளலாம் என்ற நிபந்தனையும் வந்தது. அந்த நிபந்தனையிலேயே, ஈராக் சங்கத்தில் உறுப்பினரானால் பிடி விடும் என்று ஒரு வாசல் இருந்தது. அதற்கப்புறம் ஃபைசல் அந்த வாசலையே தட்டிக்கொண்டிருந்தார். 1930-ல் புதிய ஒப்பந்தம். 1932 அக்டோபர் 3 அன்று ஈராக் சர்வதேச சங்கத்தில் உறுப்பினரானது. போருக்குப் பின் ஆணையாட்சிக்குள் வந்த நாடுகளில் முதலில் வெளியேறியது ஈராக்தான். அவரைத் துரத்திய சிரியாவில் பிரெஞ்சுப் படை 1946 வரை இருந்தது. அதே 1932-ல்தான் ஈராக்குக்குச் சொந்த நாணயம், தினார், வந்தது. அதுவரை பாக்தாத் கடைத்தெருவில் புழங்கியது நம் இந்திய ரூபாய். ஒரு தினாருக்குப் பதின்மூன்றே கால் சொச்சம் ரூபாய் என்று மாற்றிக்கொடுத்தார்கள்.

விலை இல்லாமல் இது கிடைக்கவில்லை. விமானத் தளங்கள் பிரிட்டன் கையிலேயே இருந்தன. கிர்க்கூக் அருகே 1927-ல் பீறிட்ட எண்ணெயின் பெரும்பங்கு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனது. "அந்நியர் பிடியில் இல்லாதவரை" என்ற நிபந்தனையோடு அவரை அரசராக ஏற்ற ஷியா மதகுரு மஹ்தி அல்-காலிஸி, தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னதற்காக 1923-ல் நாடு கடத்தப்பட்டார். அது ஃபைசலின் அரசு செய்த வேலை.

இதற்கு நடுவே பிறந்த ஊரும் போய்விட்டது. 1924-ல் இப்னு சவூத் மக்காவைப் பிடித்தார். அப்பா பட்டம் துறந்து சைப்ரஸில் நாடுகடத்தலில் வாழ்ந்தார், மூத்த அண்ணன் அலி பாக்தாத்தில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 1930-ல் வளைகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலில் அதே இப்னு சவூதைச் சந்தித்து ஃபைசல் கைகுலுக்கினார். ஈராக்கின் தெற்கு எல்லையில் சூறை நிற்க வேண்டும், அதற்காக. அப்பாவின் சாம்ராஜ்யக் கனவை விட எல்லையோர மேய்ச்சல்காரனின் ஆடு அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. என் பார்வையில் அவர் ராஜாவானது அந்தக் கப்பலில்தான்.

அவரை அறிய ஒரே ஒரு ஆவணம் படிக்க வேண்டுமென்றால், 1932 மார்ச்சில் நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் அவர் சுற்றுக்கு விட்ட ரகசியக் குறிப்பைச் சொல்வேன். ஈராக் மக்கள் என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை என்று மனம் கசந்து எழுதுகிறார். அரசிடம் 15,000 துப்பாக்கி, மக்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று எண்ணிக்கை கொடுக்கிறார். வரி ஷியாவுக்கு, சாவு ஷியாவுக்கு, பதவி சுன்னிக்கு என்று ஊர் பேசுவதைத் தன் கையாலேயே பதிவு செய்கிறார். பொம்மைக்கு இப்படி எழுத வராது. தன் அரசு யாருடையதாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாற்றுவதற்குக் காலம்தான் இல்லை.

1933 கோடையில் அவர் லண்டனில் அரசு விருந்தாளி. அந்த நேரத்தில் வடக்கே அசீரியக் கிறிஸ்தவர்களுக்கும் ராணுவத்துக்கும் மோதல். ஆகஸ்டு தொடக்கத்தில் உடம்பு முடியாமலே ஊர் திரும்பினார். நிதானம் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. சிமெலே கிராமத்தில் ஆயுதம் இல்லாத நூற்றுக்கணக்கானவர்களை ராணுவம் கொன்றது. பாக்தாத் தெருக்களோ ராணுவத்தையும் ஃபைசலின் மகன் இளவரசர் காஸியையும் கொண்டாடின. படையை நடத்திய பக்ர் சித்கி மூன்றே ஆண்டில் ராணுவப் புரட்சி செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஃபைசல் உயிரோடு இருக்கும்போதே நாடு அவர் கையை விட்டு நழுவத் தொடங்கியது புரியும். சிகிச்சைக்காக மறுபடியும் ஸ்விட்சர்லாந்து போனார். செப்டம்பர் 8 அன்று பெர்ன் நகர ஹோட்டலில் மாரடைப்பு. வயது 48. விஷம் வைத்துவிட்டார்கள் என்ற வதந்தி அன்றும் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

உடலை பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கொண்டுவந்து இறக்கியது ஹைஃபாவில். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் டமாஸ்கஸிலிருந்து துரத்தப்பட்டு அவர் வந்து சேர்ந்த அதே ஊர். இந்தமுறை கூட்டம் தாங்கவில்லை. அங்கிருந்து விமானத்தில் பாக்தாத் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

நீங்கள் கேட்ட 1958 விஷயம்: மகன் காஸி 1939-ல் கார் விபத்தில் இறந்தார். அப்போது மூன்று வயதான பேரன் அரசரானான், அவனுக்கும் தாத்தாவின் பெயர்தான். அந்த இரண்டாம் ஃபைசலைத்தான் 1958 ஜூலை 14 காலையில் ரிஹாப் அரண்மனை முற்றத்தில் சுட்டார்கள். அவருக்கு அப்போது வயது 23.